மாடி அறைக்கு வந்தவர்

மே 6

வாலுவின் அப்பாவுக்கு அன்புடன் எழுதுவது.

வீட்டுக்குள் மூன்று பேரும் கொட்டகையில் நான்கு மாடுகளும் சௌக்கியம். கப்பல் ஆடும்போது அடுப்புப் பக்கம் நிற்காதீர்கள் என்று எழுத நினைத்தேன். சமையல்காரன் வேறெங்கே நிற்பான் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டாவது கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மண்சரிவில் சாய்ந்த செல்போன் டவரை இன்னும் யாரும் வந்து நிமிர்த்தவில்லை. இந்தக் கோடை முழுக்கக் கடிதம்தான். உங்கள் கம்பெனி ஆபீஸ் முகவரிக்கே இதையும் அனுப்புகிறேன்.

மேல் புல்வெளி இந்த வருடம் சீக்கிரமே பச்சை பிடித்துவிட்டது. மாமா காலையில் மாடுகளை மேலே ஓட்டிவிட்டு வந்து, மாலை வரை குளிர்காலத்துக்கு விறகு பிளக்கிறார். ஊற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. உருளைக்கிழங்குக்கு ஒரு தடவை மண் அணைத்தாயிற்று. வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேச்சில் பாதி காற்றாகப் போகிறது. பள்ளி திறப்பதற்குள் முளைத்துவிடுமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நான் என்னவோ பல்லை ஒளித்து வைத்திருப்பது போல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறையைக் கோடைக்கு வாடகைக்கு விடலாம் என்று டவுனில் சுற்றுலா ஆபீஸில் வீட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தேனே, அதற்கு ஆள் வந்துவிட்டது. நேற்று நாலு மணி பஸ்ஸில் வந்தார். ஒரு பெண்மணி, தனியாக. நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். கண்ணாடி போட்டிருக்கிறார். கையில் ஒரே ஒரு பை. இருபது நாள் தங்க வேண்டும் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். கீழே, என்றார். மலையில் இருப்பவர்களுக்கு உலகமே கீழேதான். அதை வைத்து நான் என்ன கண்டுபிடிப்பது?

எனக்குப் புரியாதது இரண்டு. மாடிப்படி திரும்பும் இடத்து உத்தரத்தில் முதல் தடவை தலையை இடித்துக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை. கல்யாணமாகி வந்த வாரம் நான் வீங்கிய நெற்றியோடு நின்றதை நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். இவர் பையோடு ஏறினார், சரியாக அந்த இடத்தில் குனிந்தார், போய்விட்டார். எச்சரிக்க வாயைத் திறந்தபடி நான் கீழே நின்றேன்.

இரண்டாவது, மாமா. வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் அவரைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டால் இங்கேயே கொண்டு வா என்கிறார். முகம் தெரியாதவர் வீட்டில் தங்குவது பிடிக்கவில்லை போல. ஆனால் அறையை விடலாமா என்று கேட்டபோது சரியென்று தலையாட்டியவரும் அவர்தான். நான் செய்தது தப்பா? உங்கள் அப்பாவை உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்கள்.

பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி.


மே 15

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதமே இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது. வரட்டும் என்று பொறுத்திருக்க என்னால் முடியவில்லை. தலை குழம்பிக் கிடக்கிறது.

மாடியில் இருப்பவர் ஊர் பார்க்க வந்தவர் இல்லை. அப்படி வருகிறவர்கள் அருவி எங்கே, படம் எடுக்க நல்ல இடம் எங்கே என்றுதானே கேட்பார்கள்? இவர் எதையும் கேட்பதில்லை. காலையில் எழுந்து நம் வயலின் நான்கு மூலைக்கும் போய் வருகிறார். பேரி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். இடத்தை வாங்க யாரோ இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அளவு எடுக்கிறாரோ என்று ஜன்னலில் நின்று அவர் வைக்கும் அடிகளைக்கூட எண்ணினேன். பாதி வழியில் உட்கார்ந்து களை பிடுங்க ஆரம்பித்துவிட்டார். இடம் வாங்க வந்தவர் களை பிடுங்கிக் கொடுப்பாரா?

மாமா இன்னும் கொட்டகையில்தான் சாப்பிடுகிறார். அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மாடி அறையின் மேற்கு ஜன்னல் ஆணியடித்துக் கிடந்ததே, அதைத் திறந்து கொடுங்கள் என்று நான் எத்தனை வருடமாகச் சொல்கிறேன், காதில் போட்டுக்கொண்டாரா? செவ்வாய்க்கிழமை அந்தம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து மேலே ஏறினார். எல்லா ஆணியையும் பிடுங்கி, கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு இறங்கினார். நான் பார்த்துவிட்டதைக் கண்டதும், காற்று வரட்டும் என்றார். பிடிக்காத ஆளுக்குக் காற்று எதற்கு?

பால்காரம்மா வேறு. நம் பால் கேனை வாங்க வந்தவர் வாசலில் அவரைப் பார்த்த நொடியில் கையைத் தளரவிட்டு அரை கேன் பாலை மண்ணுக்குக் கொடுத்துவிட்டார். இந்த இருபது வீட்டுக் கதையும் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று நினைக்கிற மனுஷி, ஒரு கேள்வி கேட்காமல் திரும்பிப் போனார். அதில்தான் எனக்குப் பயம் வந்துவிட்டது.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். மூன்று மணிக்கே மேலே மூட்டம் போட்டுவிட்டது. புல்வெளி தெரியவில்லை, மாடுகளின் மணிச் சத்தமும் இல்லை. மாமாவுக்கு நான்கு நாளாகச் சளி, தொண்டை கட்டிக்கொண்டது. முற்றத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார், குரல் வெளியே வரவில்லை. நான் கூப்பிட்டேன். பத்து வருடமாகத் தீவனம் போடுகிறேன், என் குரலுக்கு ஒரு மாடும் திரும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக் கூப்பாடு எனக்கு வராது. கீழே தொடங்கி, நடுவில் உடைந்து, மேலே போய் நிற்கிற அந்தக் குரல் உங்களுக்கும் மாமாவுக்கும்தான் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, மாற்றிக் கூப்பிட்டால் மாடு வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

அந்தம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். மாமா பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அந்தம்மா வாய்க்கு இருபக்கமும் கையை வைத்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அதே குரல். உடைய வேண்டிய இடத்தில் உடைந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் நான்கு மாடுகளின் மணியும் கேட்டன.

மாமா மாடுகளுக்கு எதிரே மூட்டத்துக்குள் போய்விட்டார். அந்தம்மா மாடிக்கு ஏறிப் போய்விட்டார். முற்றத்தில் நான் மட்டும் நின்றேன்.

நேராகவே கேட்கிறேன். அந்தக் குரலை அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தீர்களா? எப்போது, எதற்கு? கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு யாரையாவது தெரிந்திருந்தால் அது முடிந்துபோன கதை, நான் ஒன்றும் ஆர்ப்பாட்டம் செய்ய மாட்டேன். செய்ய மாட்டேன் என்று எழுதுகிறேனே தவிர, இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன். மறைக்காமல் எழுதுங்கள்.

வாலு உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். என் பங்கை அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி.


மே 24

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்தில் கடைசியில் எழுதியதை அழித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபம் போகவில்லை. அது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

சொன்ன இருபது நாள் முடியப்போகிறது. இன்னும் பத்து நாள் இருக்கலாமா என்று அவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராகப் பால்காரம்மா வீட்டுக்குப் போனேன். பதில் சொல்லாமல் பாலைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் திண்டாடும்படி வாசலில் கேனோடு உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், கோழியை விரட்டினார். கடைசியில் சொன்னார். “அது உன் நாத்தனாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத.”

நீங்கள் ஒரே பிள்ளை என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னீர்கள். பிள்ளை என்றால் ஆண் பிள்ளை, பெண்ணைக் கணக்கில் சொல்லவில்லை என்று இப்போது எழுதிவிடாதீர்கள். பத்து வருடம். வாலுவுக்கு ஒரு அத்தை இருப்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும் வாலுவுக்கும் தவிர. பேச வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டாராம், ஊரும் பேசவில்லையாம். கூடப் படுத்து எழுந்த நீங்கள் ஏன் சொல்லவில்லை?

ரோடு போட வந்த ஒருவரோடு போய்விட்டார், மாமா தலைமுழுகிவிட்டார், அவ்வளவுதான் பால்காரம்மா சொன்னது. அதற்காகவா இத்தனை வருடம் என்று எனக்கு மனது ஆறவில்லை. நேற்று மாமாவும் நானும் மேல் புல்வெளியில் புல் அறுத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நாளாக நல்ல வெயில், மழைக்கு முன்னால் புரட்டிப் போட்டு அள்ளிவிட வேண்டும். குனிந்த தலை நிமிராமல் நான் கேட்டேன். மாமா, மாடியில் இருக்கிறவர் யாரென்று தெரிந்துவிட்டது, அண்ணியை ஒரு வார்த்தை வாவென்று சொல்லக் கூடாதா என்று.

வெகுநேரம் புல்லைத்தான் புரட்டினார். பிறகு சொன்னதை எழுதுகிறேன். ஓடிப்போனதில் கோபம்தானாம், ஆனால் அது அத்தை, உங்கள் அம்மா, படுத்த படுக்கையானபோதே கரைந்துவிட்டதாம். அத்தை இறந்த அன்று, பால்காரம்மா மூலமாக மகளுக்கு ஆள் அனுப்பச் சொன்னதே மாமாதானாம். “உன் புருஷனைத்தான் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்புனேன், அக்கா வந்தா கூட்டிட்டு வாடான்னு. மூணு பஸ் பாத்துட்டு வந்து, வரலப்பான்னான். பெத்தவ முகத்தப் பாக்கக்கூட வராதவகிட்ட நான் என்ன பேசறது?”

சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு புல்வெளியின் மறுகோடிக்குப் போய்விட்டார். எனக்கு யார் மேல் வருத்தப்படுவது என்று தெரியவில்லை. மாடியில் இருப்பவரைப் பார்த்தால் தாயின் சாவுக்கு வராத ஆளாகத் தெரியவில்லை. தெரியாத மனிதரை முகத்தை வைத்து எப்படி எடைபோடுவது என்றும் தோன்றுகிறது. இன்னும் பத்து நாள் இருங்கள் என்று சொல்லிவிட்டேன். அண்ணி என்று கூப்பிட வாய் வரவில்லை.

உங்கள் வீட்டுக்காரி.


மே 29

அன்புள்ள உங்களுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இன்று காலை துணி துவைக்க ஊற்றுக்குப் போனோம், அவரும் நானும். நானாகவே, அண்ணி, சோப்பை எடுங்கள் என்றேன். அவர் கையில் இருந்த வாலுவின் சட்டை தண்ணீரோடு போய்விட்டது, இரண்டு பேரும் ஓடிப் பிடித்தோம். பிறகு கல்லில் உட்கார்ந்து பேசினார்.

டவுனில் ஏதோ வேலையாகச் சுற்றுலா ஆபீஸுக்குப் போனவர் சுவரில் நம் வீட்டுப் படத்தைப் பார்த்திருக்கிறார். “என் ஜன்னல் தெரிஞ்சுது. காசு குடுத்தா உள்ள விடுவாங்கன்னு கீழ எழுதியிருந்துச்சு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்பாவே வாயைத் திறந்து போகச் சொல்லும்வரை இருந்து பார்ப்பது என்று வந்திருக்கிறார். அவர் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை, இது என்ன மாதிரி தண்டனை என்று தெரியவில்லை என்றார். எனக்கு மனது கேட்காமல், அத்தை இறந்த அன்று நீங்கள் வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “வந்தேனே. ரெண்டு மணி பஸ்ல வந்தேன். தம்பி நின்னுட்டிருந்தான். அப்பா உன் முகத்துல முழிக்க மாட்டேங்கறாரு, மேல வந்தா அம்மாவ வெச்சுக்கிட்டே சண்டையாகும், போயிடுன்னான். அடுத்த பஸ்ல ஏத்தியும் விட்டான்.”

என் காதில் அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. ஊற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்பா சொன்னது தெரியாது. மாமாவுக்கு அவர் வந்தது தெரியாது. இரண்டையும் கேட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். துவைத்ததையே திரும்பத் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடி பிடித்த சோற்றை யாருக்கும் தெரியாமல் தன் தட்டில் போட்டுக்கொள்கிற மனிதரை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் நின்றவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவர்தானா? அப்போது உங்களுக்குப் பத்தொன்பது வயது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை வைத்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. ஒருவேளை அண்ணி சொல்வது பொய்யோ என்று அரைநாள் நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். பொய்யாக இருக்கக் கூடாதா என்று மறுபடி நினைத்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஐந்து நிமிட வேலை. ஆனால் இது என் வாயால் வர வேண்டியது இல்லை. மாமாவுக்கு எழுதுங்கள். எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், முதலில் அவருக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை ஏதாவது சாக்குச் சொல்லி அண்ணியை இங்கேயே வைத்துக்கொள்கிறேன். புல் வேலைக்கு ஆள் போதவில்லை என்று கெஞ்சினால் இருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி.


ஜூலை 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. உள்ளே மாமாவுக்கென்று தனியாக ஒட்டியிருந்த உறையை அப்படியே அவரிடம் கொடுத்தேன். எனக்கு எழுதிய தாளை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எட்டு மாதம் அத்தையைத் தூக்கி உட்கார வைத்து ஊட்டியது நீங்கள், கடைசி நாள்வரை அத்தை கூப்பிட்டது அக்காவைத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் இருந்து அக்கா இறங்கியபோது வாயில் அந்தப் பொய் எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை, பிறகு அதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை என்றும். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு தடவை கோபம் வருகிறது, அடுத்த தடவை அந்தப் பத்தொன்பது வயதுக்காரனுக்குச் சாப்பாடு போட வேண்டும் போல இருக்கிறது.

மாமா கடிதத்தோடு கொட்டகைக்குப் போனார். வெளியே வந்து அரிவாளைத் தீட்டினார். நான்கு நாள் தனியாளாகக் கீழ்ப் புல்வெளி முழுவதையும் அறுத்துத் தள்ளினார். நடுவில் ஆலங்கட்டி மழை வந்து பேரிப் பிஞ்சில் பாதியைக் கொட்டிவிட்டுப் போனது, அதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று மதியம் குளித்து, டவுனுக்குப் போட்டுப்போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே நின்றார். அண்ணியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். “பையை எடுத்துக்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

கடிதத்தைப் படித்த பிறகும் இப்படியா? நான் வாசலை மறித்துக்கொண்டு, மாமா, அவர் மேல் தப்பில்லை என்றேன். தெரியும்மா, வழி விடு என்றார். இதற்காகத்தான் வந்தேன் என்பது போல அண்ணி பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். வாலு அத்தை போகக் கூடாது என்று அழுதாள். நானும் அவளைச் சமாதானம் செய்யும் நிலையில் இல்லை. நாலு மணி பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது இங்கே கேட்டது. முடிந்தது என்று உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். பை மாமா தோளில் இருந்தது. வாசலில் மூச்சு வாங்க நின்று என்னைக் கூப்பிட்டார். “மக வந்திருக்கா. குடிக்கத் தண்ணி குடும்மா.”

அண்ணி பிறகு சொன்னார். பஸ் வந்து நின்றதும் மாமா டிரைவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். அம்மா போன அன்றைக்கு எங்கே நின்றாய் என்று கேட்டாராம். அண்ணி பாலத்துச் சுவர் ஓரத்தைக் காட்டினார். மாமா போய் அங்கேயே நின்றாராம். “தம்பி எழுதிட்டாம்மா” என்று மட்டும் சொன்னாராம். பிறகு பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வா என்றாராம்.

இன்று மாமா உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். பேச்சு அதிகமில்லை. உப்பைத் தள்ளு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா, அவ்வளவுதான். அண்ணிக்கு ஒரு மகள் இருக்கிறாள், அடுத்த மாதம் வருகிறாளாம், வாலு இப்போதே பாதிப் படுக்கையை ஒதுக்கி வைத்துவிட்டாள். அண்ணி வாடகை கொடுக்க வந்தார். நான் திட்டிவிட்டேன். மூத்தவரைத் திட்டியது தப்புதான்.

உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாமா உங்கள் பேச்சை எடுக்கவில்லை. கடிதத்தைக் கிழித்தாரா, வைத்திருக்கிறாரா, எனக்குத் தெரியாது. என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, எனக்கே தெரியலம்மா, நீயே எழுது என்றார். அண்ணி, அவன் நல்லா இருக்கானா, கப்பல்ல குளிருமா என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார். மன்னித்தார்களா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னைக் கேட்டாலும் அதே பதில்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் மனதை வையுங்கள், சூடான எண்ணெய் இருக்கிற இடம். லீவு கிடைத்ததும் தள்ளிப்போடாமல் கிளம்பி வாருங்கள். எந்தத் தேதி, எந்த பஸ் என்று மட்டும் எழுதிவிடுங்கள். வேறு யார் கீழே பஸ் ஸ்டாப்புக்கு வருவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் வந்து நிற்பேன்.

உங்கள் வீட்டுக்காரி.